கழற்றுமுன் மீற்றரைப் பாருங்கள்: பழைய ஏசியை மாற்றுவதா, திருத்துவதா?

ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: "மாமியின் அறையில் ஓடுகிற ஏசிக்குப் பதினொரு வயது. இன்னும் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்? கழற்றிவிட்டுப் புதிதாகப் பூட்டும். காசை நான் அனுப்புகிறேன்."

அவர் வாழும் ஊருக்கு அது சரியான யோசனை. அங்கே நிலவறையில் நிற்கும் வெப்ப உலை, கூரைக்கும் தரைக்கும் நடுவே ஓடும் காற்றுக் குழாய்கள் வழியாக வீடு முழுவதையும் சூடாக்குகிறது. கோடையில் அதே குழாய்களில் குளிர்காற்று வருகிறது. ஜனவரியில் அது நின்றுபோனால் வீட்டின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். ஆகவே பதினைந்து வயதைத் தாண்டிய இயந்திரத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுகிறார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில், எங்கள் கோண்டாவில் வீட்டில் ஏசி நின்றால் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வருவார். அவ்வளவுதான். சூடாக்கும் பேச்சே நமக்கு இல்லை. மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும்.

எனவே, ஓடுகிற ஏசியை வயதுக்காக மட்டும் கழற்றும் அவசரம் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் இல்லை. படுக்கையில் நோயாளி இருக்கும் வீடு மட்டும் விதிவிலக்கு. மற்றவர்கள் கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கலாம். பெற்றோரின் வீட்டை இப்போதுதான் பொறுப்பெடுத்தவர்களையும், வாடகை வீட்டோடு பழைய ஏசி ஒன்று வந்து வாய்த்தவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலாவது: தகட்டைப் படியுங்கள்

வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். வெயிலில் எழுத்து வெளிறியிருந்தால் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துக் கைபேசியில் படம் எடுங்கள். நான்கு விவரங்கள் வேண்டும்: தயாரித்த ஆண்டு, குளிர்த்திறன், இழுக்கும் வாற், உள்ளே இருக்கும் வாயு. குளிர்த்திறன் 12,000 பி.ரி.யூ. என்றால் அதையே கடைக்காரர் ஒரு தொன் என்பார்.

இவற்றில் வாயுவின் பெயர்தான் பின்னால் வரும் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும். பெரும்பாலும் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்ற மூன்றில் ஒன்று இருக்கும். ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987 இல் கையெழுத்தான மொன்றியல் உடன்படிக்கையின்படி, இலங்கை போன்ற வளர்முக நாடுகள் இந்த வகை வாயுக்களின் பாவனையை 2025 இல் 67.5 சதவீதம் குறைத்திருக்க வேண்டும்; 2030 உடன், திருத்தவேலைக்கான சிறு அளவு தவிர, நிறுத்திவிட வேண்டும். கிடைப்பது குறையக் குறைய விலை ஏறும், கலப்படமும் வரும். ஆனாலும் உங்கள் ஆர்-22 இயந்திரம் கசியாமல் ஓடுகிறதென்றால் அதை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. கசியத் தொடங்கிய நாளில் முடிவெடுங்கள். "அதற்குள் 410ஏ அடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் நன்றி கூறி அனுப்பிவிடுங்கள். 410ஏ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வேலை செய்வது. பழைய குழாயும், வாயுவை அழுத்தி ஓடவைக்கும் கொம்பிரசரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இரண்டாவது: கழுவிவிட்டு மதிப்பிடுங்கள்

அழுக்கான ஏசியைப் பார்த்து அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்வது, குளிக்காத மனிதரை நோயாளி என்று சொல்வது போன்றது. வலிகாமத்தில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வீடு இருந்தால் சோளகக் காற்றுக் காலத்தில் வடிகட்டி இரண்டு கிழமையில் சிவந்துவிடும். உட்பெட்டியின் மூடியைத் தூக்கி வலையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். இதற்கு ஆள் தேவையில்லை.

வெளிப்பெட்டியின் தகட்டு இழைகளைக் கழுவும்போது ஒரு கவனம் வேண்டும். கரையோர ஊர்களில் பல வீட்டுக் கிணறு உவர். உப்பைக் கழுவுவதற்கென்று அந்த உவர்த் தண்ணீரையே பம்பு போட்டு அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்! குடிக்க வைத்திருக்கும் நன்னீரில் இரண்டு வாளி செலவழித்தால் போதும். பிரேக்கரை நிறுத்திவிட்டுக் கழுவுங்கள். பின்புறம் குளவிக் கூடு இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

காய்ந்ததும் ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, உட்பெட்டியின் மேற்பக்கம் காற்றை உறிஞ்சும் இடத்திலும், கீழே குளிர்காற்று வெளிவரும் இடத்திலும் சாதாரண அறை வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. அப்படியிருந்தும் அறை குளிரவில்லை என்றால் குற்றம் அறையில். பெரும்பாலும் பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிறீட் கூரைதான் காரணம். நாற்சார் வீட்டின் ஓட்டுக் கூரைக்குக் கீழே கிடைக்கும் குளிர்ச்சி அந்தக் கூரைக்குக் கீழே கிடைக்காது. கூரைக்கு மேல் நிழற்கூரை போடுவதற்கும், மேற்கு யன்னலுக்குத் தட்டி கட்டுவதற்கும் ஆகும் காசு புதிய ஏசியின் விலையை விடக் குறைவு. வித்தியாசம் 6 பாகைக்குக் கீழே போனால் இயந்திரத்துக்கு ஏதோ நோய். நான்காவது படியில் அதைப் பார்ப்போம்.

மூன்றாவது: இரண்டு இரவு, ஒரு மீற்றர்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. "பழைய ஏசி கரண்டைக் குடிக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் மின்பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் குளிர்சாதனப் பெட்டியும், தண்ணீர்ப் பம்பும், பக்கத்து அறையில் இரவு முழுவதும் ஓடும் தொலைக்காட்சியும் சேர்ந்தே இருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஓர் இரவு படுக்கும்போது மீற்றர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மீண்டும் குறியுங்கள். அடுத்த இரவு அதே நேரம் படுத்து, அதே நேரம் எழும்புங்கள், ஏசி மட்டும் இல்லாமல். இரண்டு இரவுகளின் வித்தியாசமே ஏசியின் பங்கு. மழை பெய்த இரவை எடுக்காதீர்கள். முடிந்தால் மூன்று தடவை செய்து நடுவில் உள்ள எண்ணை எடுங்கள்.

எங்கள் வீட்டில் எட்டு மணித்தியாலத்துக்கு ஏழு அலகு வந்தது. ஒரு தொன் கொண்ட பழைய வகை ஏசிக்கு இது வழக்கமானது. கொம்பிரசர் ஓடும்போது ஏறக்குறைய 1.2 கிலோவாற் இழுக்கிறது. இடையிடையே நின்று நின்று ஓடுவதால் மொத்தம் இவ்வளவுக்கு வருகிறது. அதே அறையில் அதே அளவு இன்வேட்டர் ஏசி, அதாவது கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை, நான்கு அலகில் இரவை ஓட்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 90 அலகு மிச்சம்.

அந்த 90 அலகின் விலை என்ன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறுகிறது. மாதம் 60 அலகைத் தாண்டிய வீடுகளுக்கு 60, 90, 120, 180 என்ற எல்லைகளில் ஒவ்வொரு படியும் விலை கூடும். 180 க்கு மேலே போனதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. ஏசி எப்போதும் உங்கள் பாவனையின் உச்சியில் ஏறி உட்காருகிறது. ஆகவே அது மிச்சம் பிடித்தாலும் உச்சிப் படியில்தான் மிச்சம் பிடிக்கிறது. ஏசி இல்லாமல் 100 அலகு செலவாகும் வீடு, பழைய ஏசியோடு 310 க்குப் போகிறது. புதியதோடு 220 இல் நிற்கிறது. குறைந்த 90 அலகும் மொத்தமாக 180 க்கு மேலே இருந்தவை. சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் புதிய ஏசியின் இலாபத்தைக் குறைத்து மதிப்பிடுவீர்கள். கடைசியாக வந்த மின்பட்டியலில் மேற்படியின் விலையைப் பார்த்து 90 ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையால் புதிய ஏசியின் விலையை, பூட்டும் கூலியும் சேர்த்து, வகுத்தால் எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். 2022 க்குப் பிறகு கட்டணங்கள் பல தடவை ஏறி இறங்கிவிட்டதால் என் வீட்டுத் தொகையை இங்கே எழுதி உங்களைக் குழப்பவில்லை.

கூரையில் சூரியப் படலம் பூட்டிய வீடுகளுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுடைய ஒப்பந்தம் எந்த வகை என்பதைப் பொறுத்து ஓர் அலகின் பெறுமதி மாறும்.

வருடத்தில் ஒரு மாதம் மட்டும் ஓடும் ஏசிகள் யாழ்ப்பாணத்தில் நிறைய உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் லண்டன் பிள்ளைகளுக்காக மேல்மாடியில் பூட்டியவை அவை. அதற்கு இன்வேட்டர் வாங்கினால் போட்ட காசு பேரப்பிள்ளை காலத்தில்தான் திரும்பும். திருத்தி ஓட்டுங்கள்.

நான்காவது: நோய் எது என்று ஒரு வரியில் கேளுங்கள்

திருத்துநர் வந்து பார்த்துவிட்டு "தம்பி, இது இனிச் சரிவராது" என்றால் அது நோயின் பெயர் ஆகாது. எந்தப் பாகம் பழுது, எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேளுங்கள். நல்ல திருத்துநர் கோபிக்க மாட்டார். புதிய ஏசி விற்பவரே பழையதைப் பரிசோதிக்கிறார் என்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது வடக்கில் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு மட்டும் கூலி பேசி அழைத்தால் வருவார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். அம்மாவின் ஏசி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சித்திரையில் குளிர் குறைந்தது. ஒருவர் வந்து வாயு அடித்துவிட்டுப் போவார். அடுத்த சித்திரையில் மீண்டும் வருவார். மூன்றாவது தடவை "வயதாகிவிட்டது, எரிபொருள் போல வாயு தீர்ந்துகொண்டே இருக்கும்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது. ஏசிக்குள் இருக்கும் வாயு பெற்றோல் அல்ல, எரிந்து தீர்வதற்கு. மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது. குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை. நான்காவது தடவை வேறொருவரை அழைத்தேன். அவர் வெளிப்பெட்டியின் குழாய் இணைப்பில் சவர்க்கார நுரையைத் தடவினார். ஒரு நட்டின் ஓரத்தில் குமிழி வந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கறையும் இருந்தது; மூன்று ஆண்டுகளாக அது அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும், ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. குழாய் நுனியை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை இறுக்கினார். வெற்றிடம் இழுத்து, தகட்டில் எழுதிய எடைக்குத் தராசு வைத்து வாயு விட்டார். அது நடந்து இரண்டு சித்திரை கடந்துவிட்டது.

ஆகவே, வருடந்தோறும் வாயு அடிக்க வேண்டியிருக்கிறது என்பது மாற்றுவதற்கான காரணம் ஆகாது. ஓட்டை எங்கே என்பதுதான் கேள்வி. இணைப்பில் என்றால் சின்னக் காசு. உட்பெட்டியின் செப்புச் சுருளுக்குள் என்றால், அதுவும் ஆர்-22 இயந்திரம் என்றால், செலவழிக்காதீர்கள்.

மற்ற நோய்களை விரைவாகச் சொல்லிவிடலாம். வெளிப்பெட்டி ஹூம் என்று முனகி ஓடாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டரைத் தொடக்கிவிடும் கபாசிற்றர் வீங்கியிருக்கும். அது மலிவான பாகம். உட்பெட்டியில் இருந்து தண்ணீர் சொட்டினால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. விசிறி மோட்டர் போனால் மாற்றலாம். ஐப்பசி இடிமின்னலிலோ, பல்லி விழுந்தோ மின்சுற்றுப் பலகை கருகினால் விலையைக் கேட்டுவிட்டு யோசியுங்கள். பலகையைத் திருத்தித் தருபவர்கள் நகரில் இருக்கிறார்கள், ஆனால் எல்லாப் பலகையும் திருந்துவதில்லை. உத்தரவாதம் முடிந்த இயந்திரத்தில் கொம்பிரசர் போனால் கதை முடிந்தது.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: கடந்த இரண்டு ஆண்டுகளில் செலவழித்ததையும் இப்போது கேட்பதையும் கூட்டுங்கள். புதியதன் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டாவிட்டால் திருத்துவேன்; பாதியைத் தாண்டினால் மாற்றுவேன். இடையில் நின்றால் மூன்றாவது படியில் வந்த மீற்றர்க் கணக்கு முடிவு சொல்லும்.

ஐந்தாவது: உப்பு

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஓரத்தில் தள்ளிவிடக்கூடியது உப்புக்காற்று. தங்கை வீடு பாசையூரில், கடலில் இருந்து கூப்பிடு தூரம். அவர்களுடைய ஏசிக்கு ஆறு வயது கூட ஆகவில்லை. வெளிப்பெட்டியின் அலுமினிய இழைகள், விரலால் தொட்டால் நனைந்த பிஸ்கட்டைப் போல உதிர்ந்தன. இழை இல்லாவிட்டால் வெப்பம் வெளியேறாது. கொம்பிரசர் மூச்சு முட்ட ஓடும். மீற்றரும் சேர்ந்து ஓடும். அதைக் கழுவவும் முடியாது, திருத்தவும் முடியாது. அத்தானின் வீட்டில் பதினைந்து ஆண்டு என்றால், பருத்தித்துறையிலும் காரைநகரிலும் அதில் பாதிக்கே இழுபறி.

எனவே கரையோரத்தார் வயதைக் கேட்காமல் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். இழைகள் வெள்ளைப் பொடி பூத்திருக்கின்றனவா? சுவரில் தாங்கும் இரும்புக் கால்கள் தகடு தகடாக உரிகின்றனவா? மாடியில் தொங்கும் பெட்டி என்றால் இந்த இரண்டாவது கேள்வியே அவசரமானது. கீழே மனிதர் நடக்கிறார்கள்.

வாங்குவதென்று முடிவானால்

சித்திரையில் வாங்காதீர்கள். சித்திரை பிறக்கும் நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது, திருத்துநர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய சுவரில் ஏறி நிற்கிறார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய இரண்டு கிழமையும் அப்படியே. கார்த்திகை, மார்கழி மழைக்குள் பேசினால் விலையும் படியும், பூட்டுபவரும் ஆறுதலாகப் பூட்டுவார்.

அளவைப் பெரிதாக எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 9,000 பி.ரி.யூ. போதும், நேர் மேலே கொங்கிறீட் கூரை என்றால் 12,000. இதற்கு மேல் போனால் அறை சட்டென்று குளிர்ந்து கொம்பிரசர் ஓய்ந்துவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிர்கிறது, ஆனால் பாய் பிசுபிசுக்கிறது என்று பிறகு சொல்வீர்கள்.

இரண்டு ஏசிகளை ஒப்பிட, குளிர்த்திறனை வாற்றால் வகுங்கள். 12,000 ஐ 1,200 ஆல் வகுத்தால் 10. இன்னொன்று 950 வாற் என்றால் 12.6. பெரிய எண் நல்லது. இன்வேட்டரைத் தினமும் ஆறு, ஏழு மணித்தியாலம் ஓடவிடுபவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அதன் பலவீனம் வெளிப்பெட்டிக்குள் இருக்கும் மின்பலகை. உப்பும் மின்னலும் பல்லியும் முதலில் தேடிப் போவது அதைத்தான். அந்தப் பலகை யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்று கடையில் வைத்தே கேளுங்கள். உத்தரவாதப் புத்தகத்தில் துருவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றும் காசு கொடுக்குமுன் படியுங்கள். கடலோர வீட்டுக்கு இழைகளில் பூச்சுப் பூசிய வகையையே எடுங்கள். வெளிப்பெட்டியைக் கடலைப் பாராத சுவரில் பூட்டச் சொல்லுங்கள். குழாய் இரண்டு மீற்றர் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

பூட்டும் நாளில் வீட்டில் நில்லுங்கள். பழைய ஆர்-22 குழாய்களுக்குள் அந்தக் காலத்து எண்ணெய் ஒட்டியிருக்கும். புதிய வாயுவின் எண்ணெய் வேறு. குழாயையும் மாற்றுவது நல்லது. இணைத்து முடிந்ததும் பம்பு வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இருபது நிமிடமாவது இழுக்க வேண்டும். சிலர் பெட்டியில் வரும் வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டு, அதனால் காற்றைத் தள்ளி வேலையை முடிப்பார்கள். அப்போது மறியுங்கள். புதிய இயந்திரத்தின் ஆயுள் அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில்தான் குறைகிறது. ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது என்பதால் அந்த நேரம் பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம்.

இடம்பெயர்ந்து திரும்பிய காலத்தில் கையில் இருந்த காசுக்கு வயர் இழுத்த வீடுகள் இங்கே ஏராளம். ஏசிக்குத் தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த். இதில் பேரம் பேசாதீர்கள்.

பழைய பெட்டியை என்ன செய்வது

தெருவில் கூவிக்கொண்டு வரும் பழைய இரும்பு வியாபாரி நிறுத்து வாங்கிவிடுவார். அவருக்குச் செம்பு வேண்டும், வாயு வேண்டாம். குழாயை அவர் வாசலில் வைத்து வெட்டினால் எல்லாம் காற்றோடு போகும். கழற்ற வரும் திருத்துநரிடம், வாயுவை முழுவதும் வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். கொம்பிரசர் ஓடும் இயந்திரத்தில் அது சில நிமிட வேலை. ஆர்-22 பெட்டி என்றால் அந்த வாயுவுக்கு அவரிடமே தேவை இருக்கும். கழற்றும் கூலியில் குறைத்துப் பேசலாம்.

தங்கை வீட்டில் இந்த வரிசையில்தான் போய் மார்கழியில் புதியது பூட்டினோம், கிழக்குச் சுவரில் இருந்து மேற்குச் சுவருக்கு மாற்றி. அத்தான் அனுப்புவதாகச் சொன்ன காசில் அம்மாவின் அறைக்கு மேலே நிழற்கூரை போட்டிருக்கிறேன். போன கிழமை மீற்றரைக் குறித்துப் பார்த்தேன்: ஏழாக இருந்தது ஐந்தரைக்கு வந்திருக்கிறது, அதே பழைய ஏசியில். அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை.